எந்த மொழியில் கூவுவது?

2017 அக்டோபர் 9, தில்லி. 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோல், ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல். கொண்டாட்டம் அடங்குமுன் பெனலோசா தம் இரண்டாம் கோலை அடிக்க, ஆட்டம் 2-1 எனக் கைநழுவியது. அனுபவமின்மை என்று இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் கூடித் தடுத்தல் வயதோடு தானே வந்துசேர்வதன்று, கற்பிக்கப்பட வேண்டியது.

ஒருவர் பந்தை நோக்கிப் பாய்கையில் அடுத்தவர் சற்றுப் பின்னே சாய்வாக நின்று காக்க வேண்டும். எஞ்சியோர் பந்திருக்கும் பக்கம் நகர்ந்து இடைவெளியைச் சுருக்க வேண்டும். மிலான் அணியின் பயிற்றுநர் அர்ரிகோ சாக்கி, 1980களின் இறுதியில் இதைப் பந்தே இல்லாமல் பழக்கினார். கற்பனைப் பந்து எங்கிருக்கிறது என அவர் சொல்லச் சொல்ல அணி முழுவதும் நகர்ந்தது.

இந்தியாவில் இதற்கு முன்படி ஒன்று உண்டு. அந்த 2017 அணியிலேயே மணிப்பூர், வங்கம், பஞ்சாப், கேரளம் எனப் பல மாநிலத்தார் இருந்தனர். ‘ஏறு’, ‘விடு’, ‘பின்னால் ஆள்’ போன்ற கூவல்கள் அரை நொடியில் புரிய வேண்டியவை. (பன்மொழிச் சூழல் பற்றிய நம் ஆய்வுகள் வகுப்பறையைத் தாண்டித் திடலுக்குப் போவது அரிது என்பது தனிக்கதை.) அவற்றுக்குப் பொதுச்சொற்களை முதல் நாளே வகுத்துத் தராத பயிற்றுநர், பலகையில் எத்தனை அம்புக்குறி வரைந்தும் பயனில்லை.