கழிவெண்ணெய்க்குக் கணக்கு எங்கே?

சுன்னாகம் மின்நிலையத்தால் கிணற்றுநீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. நன்று. ஆயின் நாம் கேட்பது வேறு.

எத்தனை பீப்பாய் கழிவு சேர்ந்தது? எவர் ஏற்றினர்? எங்கே இறக்கினர்? புகையிலை விற்கும் கமக்காரனுங்கூடக் கணக்கெழுதி வைக்கிறானே! சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது ஊற்றிய இடத்தில் நில்லாது. அயலான் கிணற்றுக்கும் செல்லும். அபாயக் கழிவைக் கையாள உரிமம் வேண்டுமென 2008ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. உரிமம் சுவரில் தொங்கினாற் போதுமா?

ஒவ்வொரு பீப்பாய்க்கும் இலக்கமிடுக. நாள், நிறை, ஏற்றிய வண்டி, பெற்றவர் ஒப்பம் யாவும் பதிவேட்டில் ஏறுக. ஏற்றிய நிறையும் இறக்கிய நிறையும் ஒவ்வாதாயின் அன்றே விசாரணை வேண்டும். பதிவேட்டின் பிரதி பிரதேச சபையில் இருத்தல் வேண்டும். கிணற்றுக்குரியவன் கேட்டதும் அதனைக் காட்டுதல் வேண்டும்.