ஏமாற்ற வந்தாள், ஏமாந்தாள்!

திருடனைத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியாது என்பார்கள். திருடிக்குக் காதல் வந்துவிட்டால்? அவள் பாடு இன்னும் திண்டாட்டம். கூட்டாளியிடம் சொன்னால் சிரிப்பான். காதலனிடம் சொன்னால் ஓடிப் போவான்!

இந்தத் திண்டாட்டத்தை வைத்துக்கொண்டு 1941-ஆம் வருஷம் ஹாலிவுட்டில் ஒரு படம் எடுத்தார்கள். 'தி லேடி ஈவ்' என்று பெயர். திரைக்கதை, டைரக்‌ஷன் இரண்டும் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ். அதற்கு முன்புதான் இந்த மனுஷர், டைரக்ட் செய்யும் வாய்ப்புக்காகத் தம்முடைய கதை ஒன்றைப் பத்தே டாலருக்கு விற்றிருந்தார். அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

கதை ஒரு கப்பலில் ஆரம்பிக்கிறது. பீர் காய்ச்சிப் பணம் குவித்த கோடீஸ்வரரின் புத்திரன் சார்லஸ், அமேஸான் காட்டில் ஒரு வருஷம் பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்புகிறான். பரம சாது. (ஹென்றி ஃபாண்டா.) அதே கப்பலில் சீட்டாட்ட மோசடியையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தகப்பனாரும் மகளும் பிரயாணம் செய்கிறார்கள். மகள்தான் ஜீன். (பார்பரா ஸ்டான்விக்.)

சாப்பாட்டு ஹாலில் எத்தனையோ யுவதிகள் பையனின் பார்வை தங்கள் மேல் விழாதா என்று தவம் கிடக்கிறார்கள். அவனோ புத்தகத்தில் மூழ்கியிருக்கிறான். ஜீன் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைக்கண்ணாடியை எடுத்து முகம் பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு, அதில் தெரிகிற கூத்தையெல்லாம் அப்பாவுக்கு வர்ணிக்கிறாள். பையன் எழுந்து அவள் மேஜையைக் கடக்கும்போது காலை லேசாக நீட்டுகிறாள். தடால்! விழுந்தவன் எழுந்திருப்பதற்குள், "என் செருப்பின் குதிகால் உன்னால் ஒடிந்தது" என்று அவன் மேலேயே சண்டை!

இவ்வளவு சாமர்த்தியசாலி இரண்டே நாளில் தானே வலையில் விழுந்துவிடுகிறாள். அப்பா சீட்டாட்டத்தில் ஒரு கையால் திருட, மகள் மறு கையால் அதை முறியடிக்கிறாள். நடுவில் பையன் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் கட்டம் இது.

சிரிப்புக்கு நடுவில் ஒரு முள்ளும் இருக்கிறது. தான் யார் என்பதை நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிடலாம் என்று ஜீன் நினைத்திருக்கிறாள். அதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் ஆசை வைக்கட்டுமே என்று ஒரு சபலம். உண்மையைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துப் பார்த்து நேரம் தவறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவள் சொல்லுமுன் ஒரு போட்டோ சொல்லிவிடுகிறது. சார்லஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அவமானப்பட்டவள் சும்மா இருப்பாளா? 'லேடி ஈவ்' என்ற ஆங்கிலேயச் சீமாட்டியாக அவன் வீட்டு விருந்துக்கே வந்து சேருகிறாள். வேஷம் ஒன்றும் பலமாக இல்லை. பேச்சில் மட்டும் இங்கிலீஷ் வாடை. அவனோ, ஆள்மாறாட்டம் செய்கிறவள் இவ்வளவு அச்சாக அதே முகத்தோடு வருவாளா, ஆகவே இவள் வேறு பெண்தான் என்று தீர்மானிக்கிறான்! கல்யாணமும் செய்துகொள்கிறான்.

தேனிலவு ரயிலில்தான் பழி வாங்கும் படலம். பதினாறு வயதில் ஒருவனோடு ஓடிப் போனதாகக் கதை கட்டிவிடுகிறாள். சார்லஸ் திகைத்து, பிறகு பெரிய மனசு பண்ணி, ஒரு பிரசங்கத்தோடு மன்னிக்கிறான். முகத்தில் என்ன கம்பீரம்! பிச்சைக்காரிக்குக் காசு போடுகிறவன் முகம் அது. அவள் விடவில்லை. இன்னொரு பெயர், அதற்குப் பின் இன்னொன்று. பையன் பைஜாமாவோடு ரயிலைவிட்டு இறங்கிச் சேற்றில் வழுக்கி விழுகிறான்.

ஜீன் செய்தது கொடுமை என்று வாசக சகோதரிகள் சிலர் சொல்லக்கூடும். கொடுமைதான். ஆனால் அவனை விரட்டிய பிறகு அவள் முகத்தைப் பாருங்கள். ஜெயித்தவளின் முகமாகவா இருக்கிறது? விவாகரத்துக்கு அவன் வீட்டார் பணம் கொட்டத் தயாராக இருக்கிறார்கள். கூட்டாளிகளுக்கு நாக்கில் ஜலம் ஊறுகிறது. அவளோ, ஒரு காசு வேண்டாம், அவனே நேரில் வந்து கேட்டால் போதும் என்கிறாள். பணத்துக்காகவே வாழ்ந்தவள் பணத்தை மறுக்கும் அந்த இடத்தில்தான் அவள் காதலுக்குச் சாட்சி கிடைக்கிறது.

அவன் வரவில்லை. ஆகவே அவளே மறுபடி ஒரு கப்பலில் ஏறி, பழைய ஜீனாக, மறுபடி காலை நீட்டுகிறாள். மறுபடி தடால்! சூதாட்டக்காரி என்று தெரிந்த அந்தப் பெண்ணை அவன் எவ்வளவு ஆனந்தத்தோடு கட்டிக்கொள்கிறான்! அவள் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று தடுத்துவிடுகிறான். ரயிலில் அவன் தந்தது தானம். இங்கே மேலே நிற்கிறவரும் இல்லை, கீழே நிற்கிறவரும் இல்லை. புருஷன் மனைவியிடமோ மனைவி புருஷனிடமோ பழைய கணக்கைக் கிளறுவது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். கணக்கைத் தீர்க்க இரண்டு வழி உண்டு என்பதை இந்த இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

ஸ்டான்விக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1907-ல் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, தகப்பனும் கைவிட, அந்நியர் வீடுகளில் வளர்ந்தவர். நாலு முறை ஆஸ்காருக்குப் பெயர் போயும் பரிசு வரவில்லை. 1982-ல்தான் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். நாடோடிப் பிழைப்பின் கசப்பையும் கெட்டிக்காரத்தனத்தையும் அவர் கண்ணில் காட்டுவது வெறும் நடிப்பு மட்டும்தானா என்று தோன்றும்.

1994-ல் இந்தப் படத்தை அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கிடைத்தால் அவசியம் பாருங்கள். கூடவே வீட்டுக்காரரையும் உட்கார வையுங்கள். ரயில் கட்டத்தில் படத்தைவிட அவர் முகத்தைக் கவனிப்பது இன்னும் சுவாரசியமாக இருக்கும்!