பழி மட்டும் அதிகாரி தலையில்! நாற்காலியில் இருப்பவருக்குப் பொறுப்பு இல்லையா?

"உளவுத்துறை கோட்டை விட்டுவிட்டது."

எங்கே குண்டு வெடித்தாலும், ஆட்சியில் இருப்பவர்கள் மறுநாள் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். யாராவது ஓர் அதிகாரியின் பதவி பறிபோகும். "சரி, நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்" என்று ஜனங்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மேலே இருப்பவரின் நாற்காலி? அது ஆடாது, அசையாது.

இந்தப் பழக்கத்துக்கு நம் பக்கத்து நாடான இலங்கையில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு சூடு போட்டது. "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்ற முன்னாள் ஜனாதிபதியே, சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் (இலங்கைப் பணம்) கட்ட வேண்டி வந்தது. அந்தக் கதையை நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஈஸ்டர் அன்று

2019-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. ஈஸ்டர் ஞாயிறு. காலை நேரம்.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் மனித வெடிகுண்டுகள் வெடித்தன. கொழும்பில் 3 நட்சத்திர ஓட்டல்களிலும் வெடித்தன.

செத்தவர்கள் 260-க்கும் மேல். காயம் அடைந்தவர்கள் சுமார் 500. மட்டக்களப்பில் பலியானவர்களில் பலர் குழந்தைகள்.

தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம். அவனும் ஒரு ஓட்டலில் குண்டோடு வெடித்துச் செத்தான்.

இது முன்கூட்டியே தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. அதுதான் நெஞ்சைப் பிசைகிற விஷயம்.

கடிதம் போனது, காரியம் நடக்கவில்லை

17 நாட்களுக்கு முன்னால், ஏப்ரல் 4-ந் தேதியே இந்தியாவில் இருந்து எச்சரிக்கை போய்விட்டது. சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. மனித வெடிகுண்டுத் தாக்குதல் என்று இருந்தது. தேவாலயங்களும் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் குறி என்றும் இருந்தது.

தகவல் கிடைத்தது அரசு உளவுப் பிரிவின் தலைவர் நிலந்த ஜெயவர்த்தனாவுக்கு. அவர் ஏப்ரல் 7-ந் தேதி, தேசிய உளவுத் தலைவர் சிசிர மெண்டிசுக்கு எழுதினார். மெண்டிஸ் 9-ந் தேதி போலீஸ் ஐ.ஜி. புஜித் ஜெயசுந்தராவுக்கு எழுதினார். ஐ.ஜி. அதைத் தனக்குக் கீழே உள்ள சில உயர் அதிகாரிகளுக்குத் தள்ளினார்.

11-ந் தேதி ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. யாருக்கு? முக்கியப் புள்ளிகளுக்குக் காவல் இருக்கும் போலீஸ் பிரிவுகளுக்கு! பூசைக்குப் போகும் சாதாரண ஜனங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. தேவாலய வாசலில் கூடுதலாக ஒரு போலீஸ்காரர் கூட இல்லை.

மந்திரியாக இருந்த ஹரின் பெர்னாண்டோ தாக்குதல் நடந்த அன்றே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். தன் தந்தையின் காதுக்கு இந்தத் தகவல் முன்பே வந்துவிட்டது என்றார். பெரிய இடத்தில் கசிந்த செய்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன ஏழைக்கு வரவில்லை.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். தபால் வரும். "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளினால் போதும். தள்ளியவர் கடமை முடிந்தது. கடைசி மேசை எது என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே அதிகாரிகள் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. குற்றம் உண்டு. நிறையவே உண்டு.

மேலிடத்தில் நடந்த சண்டை

ஆனால் மேலே என்ன நடந்துகொண்டிருந்தது?

அப்போது ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா. ராணுவ இலாகாவும் அவர் கையில். போலீஸ் இலாகாவும் அவர் கையில். பிரதமர் ரணில் விக்ரமசிங்கே. இருவருக்கும் ஆகாது.

2018 அக்டோபரில் ரணிலை நீக்கிவிட்டு, மகிந்த ராஜபக்சேவைப் பிரதமர் ஆக்கினார் சிறிசேனா. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. டிசம்பரில் ரணில் திரும்பி வந்தார். மனக்கசப்பு மட்டும் போகவில்லை.

நாட்டின் பாதுகாப்புக் கவுன்சில் கூட்டத்துக்குப் பிரதமருக்கு அழைப்பு இல்லை. போலீஸ் ஐ.ஜி.க்கும் இல்லை. அந்தக் கூட்டமே ஒழுங்காக நடக்கவில்லை.

ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பூட்டை இழுத்துப் பார்க்காத வேலையாள் மேல் தப்பு உண்டு. ஆனால் பங்காளிகள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லுவதில்லை. அந்தக் கடையில் திருட்டுப் போனால், வேலையாளை மட்டும் அடித்து விரட்டுவது நியாயமா?

"ராஜினாமா செய்; தூதர் பதவி தருகிறேன்!"

குண்டு வெடித்தபோது சிறிசேனா சிங்கப்பூரில் இருந்தார். திரும்பி வந்ததும், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று கை விரித்தார்.

ராணுவச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 4 நாளில் ராஜினாமா செய்தார். ஐ.ஜி. ஜெயசுந்தரா மறுத்தார். அவர் கட்டாய லீவில் அனுப்பப்பட்டார்.

பழியை ஏற்று விலகினால் வெளிநாட்டில் தூதர் பதவி தருவதாக ஜனாதிபதி ஆசை காட்டினார் என்று, பின்னர் ஜெயசுந்தரா குற்றம் சாட்டினார்.

பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரணை நடத்தியது. உளவுத் தலைவர் மெண்டிஸ் அதன் முன் சாட்சி சொன்னார். பாதுகாப்புக் கவுன்சில் ஒழுங்காகக் கூடவில்லை என்பது வெளியே வந்தது. சில நாளில் அவர் பதவியில் இல்லை. இனி உளவு அதிகாரிகளைச் சாட்சி சொல்ல அனுப்பமாட்டேன் என்று சிறிசேனா முரண்டு பிடித்தார்.

2019 ஜூலையில் செயலாளரும் ஐ.ஜி.யும் கைது ஆனார்கள். ஆளுக்கு 855 குற்றச்சாட்டு! 2022 பிப்ரவரி 18-ந் தேதி, 3 நீதிபதிகள் கொண்ட கோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. அரசுத் தரப்பு அப்பீலுக்குப் போனது.

உளவு அதிகாரி தலையில் பழியைப் போடுவது சுலபம். ஏன்? அவருக்கு வாய்ப்பூட்டு. ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுத்தவர். பேட்டி கொடுக்க முடியாது. பைலைத் திறந்து காட்ட முடியாது. தகவல் பலித்தால் மாலையும் மேடையும் மந்திரிக்கு. பலிக்காவிட்டால் ஓலை அதிகாரிக்கு.

கோர்ட்டு போட்ட கணக்கு

பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இதை விடவில்லை. பெற்றோர், பாதிரியார்கள், வக்கீல்கள் என்று 12 மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. உயிரைக் காப்பது அரசின் கடமை, அதில் தவறியவர்கள் பதில் சொல்லட்டும் என்பதே வழக்கு.

2023 ஜனவரி 12-ந் தேதி 7 நீதிபதிகள் தீர்ப்பு அளித்தார்கள்.

சிறிசேனா 10 கோடி ரூபாய். ஐ.ஜி. ஜெயசுந்தரா ஏழரைக் கோடி. உளவுப் பிரிவுத் தலைவர் ஜெயவர்த்தனா ஏழரைக் கோடி. செயலாளர் பெர்னாண்டோ 5 கோடி. மெண்டிஸ் 1 கோடி. எல்லாம் சொந்தப் பணம். அரசு தன் பங்குக்கு 10 லட்சம்.

அதிகாரிகளையும் கோர்ட்டு விடவில்லை. ஆனால் பெரிய தொகை, பெரிய நாற்காலியில் இருந்தவருக்கு! யாரும் சொல்லவில்லை என்பது சமாதானம் ஆகாது. சொல்லுவதற்கு வழி செய்து வைப்பது இலாகாவைக் கையில் வைத்திருப்பவரின் வேலை. கூட்டத்தைக் கூட்டாதவர், வரவேண்டியவர்களைக் கூப்பிடாதவர், பிறகு காது கேட்கவில்லை என்று சொல்லலாமா?

அவ்வளவு பணம் இல்லை என்று சிறிசேனா முதலில் புலம்பினார். தவணை தவணையாகக் கட்டி, 2024-ல் முழுத் தொகையையும் தீர்த்தார்.

ஜெயவர்த்தனாவை 2025 ஜூலையில் போலீஸ் வேலையில் இருந்தே நீக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. ரணிலும் பிரதிவாதியாகத்தான் இருந்தார். 2022 ஜூலையில் அவர் ஜனாதிபதி ஆனார். ஜனாதிபதி மேல் வழக்கு நடத்த முடியாது என்ற பாதுகாப்பு வந்தது. வழக்கில் இருந்து அவர் பெயர் நீங்கியது. சிறிசேனா மாட்டியதும், பதவி போய் அந்தக் கவசமும் போனதால்தான். பதவியில் இருக்கும்வரை யாரும் தொடமுடியாது என்ற நிலை அங்கே இன்னும் மாறவில்லை.

நம் ஊரில்...

1956 நவம்பரில் அரியலூர் ரெயில் விபத்து நடந்தது. லால்பகதூர் சாஸ்திரி ரெயிலை ஓட்டவில்லை. பாலத்தையும் அவர் கட்டவில்லை. ஆனாலும் ரெயில்வே மந்திரி நான்தான் என்று ராஜினாமா செய்தார். 2008-ல் மும்பைத் தாக்குதல் நடந்த சில நாளில் உள்துறை மந்திரி சிவராஜ் பாட்டீல் விலகினார்.

மந்திரி போனால் செத்தவர் திரும்பி வருவாரா என்று கேட்கலாம். வரமாட்டார். ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர், ராத்திரி ஒரு தடவையாவது அந்தத் தகவல் பைலைப் புரட்டிப் பார்ப்பார். அதிகாரி மட்டும் போனால், அடுத்து வரும் அதிகாரி தன் தலையைக் காப்பாற்ற இன்னொரு கடிதம்தான் எழுதுவார்.

ஆகவே, இனி எங்கேயாவது "உளவுத்துறை தோல்வி" என்று அறிக்கை வந்தால், 3 கேள்வி கேளுங்கள்.

தகவல் என்றைக்கு வந்தது? மந்திரி கடைசியாக என்றைக்குக் கூட்டம் போட்டார்? அந்தக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை?

இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஓர் அதிகாரியின் ராஜினாமா மட்டும் வந்தால், விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.