விற்காமல் திரும்பிய சரக்கு!

ஏற்றுமதிக்குப் போன சரக்கு விற்காமல் திரும்பி வந்தால் என்ன ஆகும்? கும்மிடிப்பூண்டி, காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளில் சிறு யூனிட் நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். போக, வரக் கப்பல் கூலி, வங்கி வட்டி என எல்லாம் தலையில்தான் விழும். அப்படித் திரும்பிய சரக்கையே விளம்பரமாக்கிய ஒருவர் இருந்தார்.

பிரான்ஸில் போர்தோ பகுதியில் செயின்ட் எஸ்டெஃப் என்றொரு ஊர். அங்கே 'கோஸ்' என்ற கூழாங்கல் மேட்டிலிருந்த திராட்சைத் தோட்டம் 1791-ல் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் கைக்கு வந்தது. தோட்டத்தின் சிவப்பு ஒயினை உள்ளூர் வியாபாரிகளை மட்டும் நம்பி விடாமல், அவர் இந்தியா வரை கப்பலில் அனுப்பினார்.

இங்கே விற்காத ஒயின் மறுபடி கப்பலேறி பிரான்ஸ் திரும்பியது. ருசித்துப் பார்த்தால், போனபோது இருந்ததைவிடச் சுவை கூடியிருந்ததாம்! மாதக்கணக்கான பயணத்தில் கப்பலின் ஆட்டமும் வெப்பமும் அதைப் பக்குவப்படுத்திவிட்டன என்றார்கள். 'இந்தியா போய்த் திரும்பியது' என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்.

கீழைநாட்டு மோகம் அவரை விடவில்லை. பகோடா கோபுரங்கள், சான்சிபார் சுல்தான் அரண்மனையின் மரக்கதவு என்று பிரமாதமாகக் கட்டினார். குடியிருக்கும் வீட்டை அல்ல, ஒயின் கிடங்கை! 'செயின்ட் எஸ்டெஃப் மகாராஜா' என்ற பட்டப்பெயர் வந்தது. கூடவே கடனும் வந்தது. ஒருமுறை கைவிட்டுப்போன தோட்டத்தை 1821-ல் மீட்டார். 1852-ல் கடன் மறுபடி கழுத்தை நெரிக்க, லண்டன் வங்கியாளர் ஒருவருக்கு விற்றார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார்.

1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தார்கள். சந்தையில் கிடைத்த விலைதான் அளவுகோல். சிவப்பு ஒயின்களுக்கு ஐந்து படிகள். 'கோஸ் தெஸ்தூர்னெல்' இரண்டாம் படியில் இடம்பிடித்தது. அந்த இடம் இன்றும் அதற்கு இருக்கிறது. பாட்டில் லேபிளில் அவர் கட்டிய கோபுரங்களும் இருக்கின்றன.

ஆக, அவர் சரக்கும் வீண் போகவில்லை, கோபுரமும் வீண் போகவில்லை. பலன் வந்துசேரும்போது உரிமையாளர் அவராக இல்லை, அவ்வளவுதான். பெயர் சம்பாதிக்கப் பல வருஷம் ஆகும். வங்கித் தவணையோ மாசாமாசம் வந்து நிற்கும். அடுத்த கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன்!