தோப்பின் பெயர் எங்கே?

மொயே ஷாண்டோன் நிறுவனத்தின் 'டொம் பெரினியோன்' ஷாம்பெய்ன், திராட்சை சிறந்து விளைந்த ஆண்டுகளில் மட்டுமே உருவாகிறது. 1921 இல் விளைந்த முதற் போத்தல்கள் 1936 இல்தான் விற்பனைக்கு வந்தன. ஆண்டையும் மண்ணையும் மறைக்காத பானம் அது.

நம்மிடமும் ஒன்றுண்டு. இரத்மலானையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சென்றால், வாதுவைப் பக்கம் தென்னைகளைக் கயிறுகள் இணைத்திருக்கக் காணலாம். கள் இறக்குவோர் மரம்விட்டு மரம் அக்கயிற்றிலேயே நடப்பர். தொழில் அருகிவருகிறது. அக்கள்ளை வடித்து, ஹல்மில்லை மரப் பீப்பாய்களில் முதிரவிட்டால் தென்னஞ் சாராயம். நான் கண்ட போத்தல்களில் நிறுவனத்தின் பெயர் உண்டு. தோப்பின் பெயர் இல்லை. (நான் குடிப்பவனல்லன், விருந்தினர்க்கு வாங்கிக் கொடுப்பவன்.)

இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவிசார் குறியீடு வழங்கியது. சாராயத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். கயிற்றில் நடப்பவனின் ஊரையும் கள் இறக்கிய ஆண்டையும் லேபிளில் அச்சிட எவருடைய அனுமதி வேண்டும்?