கருவி மூளையில், பொறுப்பு யாரிடம்?

பார்வை இழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளைப் பரப்பில் 80 மின்முனைகளைப் பதித்த ஆய்வை 1968-ல் கேம்பிரிட்ஜின் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லெவினும் வெளியிட்டார்கள். மின்துடிப்பு கொடுத்தபோது அவருக்கு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. கண்ணின் உதவியின்றி மூளைக்கு ஒளியைக் காட்ட முடியும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பெண்ணின் துணிச்சலே அடித்தளம்.

மூளையில் மின்முனை பதிக்கும் தொழில்நுட்பம் இன்று வலிப்பு நோய்ச் சிகிச்சையில் வேரூன்றிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கான நியூரோபேஸ் நிறுவனத்தின் கருவிக்கு 2013-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மண்டையோட்டில் குடைந்த இடத்தில் கருவி அமர்ந்திருக்கும். அதன் மின்முனைகள் மூளையின் மேலோ உள்ளேயோ இருந்து, வலிப்பு தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் சிறு மின்துடிப்பைச் செலுத்தும். சோதனைகளில் முதல் ஆண்டு முடிவில் வலிப்பு குறைந்த அளவின் இடைநிலை மதிப்பு 44 சதவீதம். ஒன்பதாம் ஆண்டில் அது 75 சதவீதம். என் கவலை இந்த இரண்டு எண்களிலிருந்துதான் பிறக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் பலன் கூடுகிறது என்றால், அத்தனை ஆண்டுகளும் கருவியைப் பராமரிக்க ஆள் இருந்தாக வேண்டுமே! மின்கலம் தீரும்போதெல்லாம் மறுபடி அறுவை சிகிச்சையும் தேவை.

செகண்ட் சைட் நிறுவனத்தின் கதை அச்சமூட்டுகிறது. அதன் ஆர்கஸ் விழித்திரைக் கருவியை உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மூளையின் பார்வைப் புறணி மேல் 60 மின்முனைகளை வைக்கும் ஓரியன் கருவியை ஆறு பேர் சோதனைக்காக ஏற்றிருந்தார்கள். 2020-ல் பணமுடை வந்ததும் நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வெளியேற்றியது. ஆர்கஸ் பொருத்தியவர்கள் கருவி பழுதானால் போக இடமின்றி நின்றார்கள். வேண்டாம் என்று கழற்றி வைக்க அது மூக்குக்கண்ணாடி அல்ல. எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சையே.

பேஸ்மேக்கரில் இந்தச் சிக்கலுக்குப் பாதி விடை இருக்கிறது. அதன் இணைப்பு முனைக்குச் சர்வதேசத் தரம் உண்டு. ஒரு நிறுவனத்தின் கம்பியில் வேறொரு நிறுவனத்தின் கருவியை மாட்ட முடியும். மூளைக் கருவிகளுக்கும் அத்தகைய பொதுத் தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும். வடிவமைப்பு விவரங்களும் மென்பொருளும் ஒப்புதல் தரும் அமைப்பிடம் இருப்பில் இருந்தால், நிறுவனம் மூடப்பட்டாலும் மற்றவர்கள் பராமரிக்கலாம்.

சிறு நிறுவனங்களால் இந்தச் செலவைத் தாங்க முடியாது, ஆராய்ச்சியே முடங்கும் என்பார்கள். அந்தச் செலவை இப்போது நோயாளிகள் அல்லவா தாங்குகிறார்கள்? பராமரிப்புக்கும், தேவைப்பட்டால் கருவியை அகற்றுவதற்கும் ஆகும் பணம், முதல் நோயாளியின் மண்டையோட்டில் துளையிடும் முன்பே தனி வைப்பு நிதியில் இருக்க வேண்டும்.