சிறிய அலுவலகம் என்று தயங்காதீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுச் சேருங்கள்

நான் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "கொந்திராக்டர் வேலையாம்மா?" என்றுதான் கேட்டார். ஐந்தாண்டு படித்து முடித்து, ஈப்போவில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். "கோலாலம்பூரில் பெரிய கம்பெனி கிடைக்கலையா?" என்றார்கள் உறவினர்கள்.

எங்கள் அலுவலகத்தில் முதலாளி, இரண்டு வரைவாளர்கள், ஒரு கிராணி, நான் என மொத்தம் ஐந்து பேர். காலையில் நிலத்தை அளப்பேன், மதியம் வரைபடம் வரைவேன், மாலையில் குத்தகையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வேன். பெரிய நிறுவனத்தில் சேர்ந்த என் தோழி ஓராண்டாக ஒரே அடுக்குமாடியின் கழிவறைகளை வரைகிறாள். நானோ அதே ஓராண்டில் ஒரு கடைவீட்டை அடிக்கல்லிலிருந்து சாவி ஒப்படைப்பு வரை பார்த்துவிட்டேன்.

அந்தக் கடைவீட்டில்தான் கையெழுத்தின் பொறுப்பு எனக்குப் புரிந்தது. 2007 ஏப்ரல் 12 முதல், கட்டடம் குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் வழங்குவதில்லை. திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக்கலைஞரோ பொறியியலாளரோ எஃப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். பின்னால் தவறு தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

1984 கட்டட விதிகளின்படி படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நான் அளந்தபோது கடைசிப் படி 200 இருந்தது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே!" என்று சிரித்தார் குத்தகையாளர். இருட்டில் இறங்கும் வயதானவர் தடுக்கி விழ அது போதும். முதலாளி கையெழுத்திட மறுத்து, இடித்துக் கட்டச் சொன்னார். கோபமடைந்த உரிமையாளர் பணத்தை நிறுத்தி வைத்தார். அதனால் எங்கள் சம்பளமும் தாமதமானது.

சிறிய அலுவலகத்தின் நன்மையும் சிரமமும் இதுதான். தொழிலை முழுதாகக் கற்கலாம். ஆனால், ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் உங்கள் வீட்டு வாடகை ஆட்டம் காணும். "கற்றுக்கொள்கிறாய் அல்லவா?" என்று சொல்லிக் குறைந்த சம்பளத்தில் நள்ளிரவுவரை வேலை வாங்கும் முதலாளிகளும் உண்டு. கற்றுக்கொடுப்பது சம்பளத்துக்கு ஈடாகாது.

எனவே, இத்துறைக்கு வரும் தம்பி தங்கைகள் வேலையில் சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களை மேற்பார்வையிடுபவர் மலேசியக் கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றவரா? மூன்றாம் பகுதித் தேர்வுக்குத் தேவையான அனுபவக் குறிப்பேட்டை அவர் தவறாமல் பார்த்துக் கையெழுத்திடுவாரா? இபிஎஃப், சொக்சோ விவரங்களுடன் நியமனக் கடிதம் தருவார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால், அலுவலகம் ஐந்து பேர் கொண்டதானாலும் தைரியமாகச் சேருங்கள்.

நம் ஊருக்கும் இத்தொழில் தேவை. பாகான் டத்தோ 2017இல் தனி மாவட்டமானது. ஆனால், நம்மவர் பலர் இன்னும் வரைபட அனுமதி இல்லாமலே வீட்டையும் மண்டபத்தையும் நீட்டிக் கட்டுகிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அனுமதியைக் கட்டாயமாக்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்டால் சொல்ல, நம்மிடையே ஆள் இருக்க வேண்டாமா?

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோவில் மண்டபத்தில் புதிதாகக் கட்டிய படிக்கட்டின் முன் நின்று அப்பா கேட்டார்: "இந்தப் படி உயரம் சரியாம்மா? அளந்து பார்த்துச் சொல்லு."